பதினோராவது குண்டு

முதல் குண்டு அக்காவின் இடது தோளில் பட்டு உடைந்தது. கொய்யாப்பழத்தின் உள்சதை நிறத்தில் சாயம் சட்டையில் வழிந்தது. அடிபட்டவர்கள் கையை உயர்த்திக்கொண்டு வெளியேற வேண்டும் என்பது விதி. அக்கா கையை உயர்த்தியபடியே வலையைத் தாண்டி வெளியே வந்தாள். முகமூடியைக் கழற்றினாள். சாயத்தை ஒரு விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, "மீனெண்ணெ மாத்தர வாசம் அடிக்குது கண்ணு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. கல்லூரியில் அவள் எனக்கு ஓராண்டு மூத்தவள். எங்கள் துறையின் இரண்டு வகுப்புகளையும் சேர்த்து அன்று அவிநாசிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குச் சுற்றுலா அழைத்துப் போயிருந்தார்கள். அந்தத் தோப்பில்தான் பெயிண்ட்பால் மைதானம் புதிதாகத் திறந்திருந்தது. காற்றழுத்தத்தில் இயங்கும் துப்பாக்கி. அதற்குள் கோலிக்குண்டு அளவில் சாயம் நிரப்பிய உருண்டைகள். உடம்பில் பட்டால் சுள்ளென்று வலிக்கும், சாயம் தெறிக்கும், ஆள் அவுட். மற்றவர்களுக்கு அது ஒரு பிற்பகல் பொழுதுபோக்கு. திரும்பும்போது பேருந்தில் அக்கா என் பக்கத்து இருக்கைக்கு வந்து உட்கார்ந்தாள். "இதுல போட்டியெல்லாம் நடத்தறாங்களாமா. மூணு பேரு இருந்தா ஒரு டீமு. நாம சேரலாமா புள்ள?" என்றாள். என்னை ஏன் கேட்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று பிற்பகல் அவள் தோளில் சுட்டவள் நான்தான் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

அக்காவின் ஊர் சாமளாபுரம். அப்பா கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர்; வீட்டை ஒட்டிய கொட்டகையில் எட்டுத் தறிகள் ஓடின. அம்மா அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டார். சடை பின்னுவதிலிருந்து பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்குப் போவதுவரை எல்லாவற்றையும் அப்பாதான் பார்த்தார். என் வீடு திருப்பூருக்குள், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். எங்கள் இரண்டு வீடுகளிலும் விளையாட்டு என்ற ஒன்றுக்குச் செலவழிக்கலாம் என்ற எண்ணமே கிடையாது. அக்கா அதை ஒரு தடையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த சனிக்கிழமை என்னையும், என் வகுப்புத் தோழி ஒருத்தியையும் அழைத்துக்கொண்டு நேராக அந்த மைதானத்துக்குப் போனாள். அதை நடத்திய அண்ணனிடம், "நாங்க விளையாடிப் பழகோணுங்க. காசு இல்லீங்க. என்ன வேல இருந்தாலும் சொல்லுங்க, செய்யறோம்" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

அந்த அண்ணன் சொன்னார்: "மொதல்ல துப்பாக்கி வாங்கற நெனப்ப உடுங்க. துப்பாக்கி நாந் தாரேன். மொகமூடி மட்டும் ஆளுக்கொண்ணு சொந்தமா வாங்கிப்போடுங்க. கண்ண நாந் தர முடியாதுங்க அம்மிணி."

அப்படித்தான் தொடங்கினோம். சனி, ஞாயிறுகளில் கம்பெனிகளிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் கூட்டமாக வருவார்கள். அவர்களுக்கு முகமூடி மாட்டிவிடுவோம், விதிகளைச் சொல்வோம், நடுவராக நிற்போம், கடைசியில் தடுப்புகளில் காய்ந்துபோன சாயத்தைக் கழுவுவோம். அதற்கு ஈடாக வாரநாள் காலைகளில் மைதானம் எங்களுக்கு. விதிகளைச் சொல்வது எப்போதும் அக்காவின் வேலை. வரிசையாக நிற்பவர்கள்முன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "வேர்த்தாலுஞ் சரி, மூச்சு முட்டுனாலுஞ் சரி, மைதானத்துக்குள்ள மொகமூடியத் தூக்கப்படாதுங்க. ஆட்டம் முடிஞ்சிருச்சுன்னு நீங்களா நெனச்சுக்கப்படாதுங்க. நாங்க விசில் ஊதோணும்" என்பாள். வயதில் எவ்வளவோ பெரிய மேனேஜர்கள்கூட அந்தக் குரலுக்குத் தலையாட்டுவார்கள்.

காதர்பேட்டையில் எடைக்கு வாங்கிய துண்டுத் துணிகளை வைத்து அம்மாவும் அம்மாவின் கம்பெனித் தோழியும் எங்களுக்கு ஜெர்சி தைத்துத் தந்தார்கள். முழங்கையிலும் முழங்காலிலும் பனியன் வேஸ்டை மடித்து உள்ளே வைத்துத் தைத்த பட்டைகள். முதுகு ஒரு பச்சை, கை வேறொரு பச்சை. ஊரெல்லாம் உலகத்துக்குச் சட்டை தைக்கிறது, எங்களுக்கு ஒரே நிறத்தில் மூன்று மீட்டர் கிடைக்கவில்லை என்று சிரித்துக்கொள்வோம். முகமூடிதான் இழுபறியாக இருந்தது. இரட்டைக் கண்ணாடி வைத்தது என்றால் மூச்சுக்காற்றில் மங்காது, விலை அதிகம். ஒற்றைக் கண்ணாடி மலிவு; ஆனால் வேர்க்க வேர்க்கப் பனி படிந்ததுபோல் மங்கிவிடும். கல்லூரி உதவித்தொகை வந்தபோது மூவரும் சேர்த்ததில் இரண்டு நல்ல முகமூடியும் ஒரு மலிவு முகமூடியும்தான் வாங்க முடிந்தது. அக்கா மலிவானதை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

குண்டுகள்தான் எங்களுக்குப் பொன். வாங்கிவைத்தால் ஈரத்தில் ஊறி உப்பிவிடும், வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். அதனால் வாரத்தில் பெரும்பாலான நாட்கள் குண்டே இல்லாமல்தான் பழகினோம். தடுப்புக்குப் பின்னாலிருந்து பாதி முகம் மட்டும் தெரியும்படி எட்டிப் பார்ப்பது, ஒரு நொடியில் திரும்ப உள்ளே போவது, வலது கையிலிருந்து இடது கைக்குத் துப்பாக்கியை மாற்றுவது, ஓடி வந்து சறுக்கி விழுவது. குண்டு இருக்கிற நாட்களில் ஆளுக்குப் பத்து. பத்து முடிந்தால் ஆட்டம் முடிந்தது. அப்படி ஆடும்போதுதான் அக்காவிடம் இருந்த ஒரு திறமை எங்களுக்குத் தெரியவந்தது. அவள் எதிராளியின் குண்டுகளை எண்ணுவாள். ஓடிக்கொண்டிருக்கும்போதும், தரையில் படுத்திருக்கும்போதும், தானே சுட்டுக்கொண்டிருக்கும்போதும் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். பத்தாவது சத்தம் கேட்டதும் மறைவிலிருந்து எழுந்து சாவகாசமாக நடந்து வந்து, வெறுந்துப்பாக்கியோடு நிற்கும் எங்களை முதுகில் தட்டுவாள். "தறிச் சத்தத்துல பொறந்தவ நான். எந்தத் தறி நின்னுச்சுன்னு தூக்கத்துலயே சொல்லுவேன்" என்பாள். அவள் எண்ணிக்கை ஒருநாளும் தவறி நான் பார்த்ததில்லை.

கோவையில் நடந்த முதல் போட்டியில் ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்றோம். எதிரில் நின்றவர்களின் துப்பாக்கி எங்களுடையதைவிட மூன்று மடங்கு வேகமாகச் சுட்டது. இரண்டாவது போட்டியில் ஓர் ஆட்டம் வென்றோம். ஒன்றே ஒன்றுதான். நானும் தோழியும் அவுட்டாகி வெளியே நிற்க, அக்கா தனியாக இரண்டு பேரை வீழ்த்தினாள். அன்று திருப்பூர் பேருந்தில் இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தோம். மூவர் உடம்பிலும் நீலநீலமாகத் தடிப்புகள். சூலூர் தாண்டும்வரை ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தோம். என் வாழ்க்கையில் அதைவிட நிறைவான பயணம் ஒன்று இருந்ததாக நினைவில்லை.

மூன்றாவதாகப் பெங்களூரில் ஒரு பெரிய போட்டி. அதற்குப் பெயர் கொடுத்திருந்தோம். அந்த மாதம் பார்த்து மைதானத்து அண்ணன் தோப்பில் ஏதோ வேலை நடக்கிறதென்று இரண்டு வாரம் மூடிவிட்டார். அதற்குள் பழைய துப்பாக்கிகள் இரண்டை எங்களுக்கென்றே தவணையில் கொடுத்திருந்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு: மைதானத்துக்கு வெளியே எங்கேயும் சுடக் கூடாது. போட்டிக்குப் பத்து நாள்தான் இருந்தது. "உங்க தறிக்குடோனுக்குப் பின்னால எடம் சும்மாதானுங்களே அக்கா கெடக்குது" என்று சொன்னவள் நான். அக்கா முதலில் தலையாட்டவில்லை. "அண்ணங்கிட்ட வாக்குக் குடுத்திருக்கறோம் புள்ள" என்றாள். நான் இரண்டு நாள் விடாமல் கேட்டேன். மூன்றாம் நாள் சரி என்றாள்.

தோழி அன்று ஊரில் இல்லை. நாங்கள் இருவர் மட்டும். காலை ஒன்பது மணி இருக்கும். முந்தின நாள் மழை பெய்து வெயில் அடித்ததால் காற்று கனத்துக் கிடந்தது. நூல் சுற்றிய கோன்கள் வந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கி மறைவுகள் செய்திருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. ஆளுக்குப் பத்துக் குண்டு. மூன்றாவது சுற்றில் நான் பெட்டிக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தபோது, என் முகத்துக்கு நேராகப் புல்லில் ஒரு குண்டு உடையாமல் கிடந்தது. முந்தைய சுற்றில் தவறி விழுந்தது. கீழே விழுந்த குண்டைத் திரும்பப் போடக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். ஈரம் பட்டால் உப்பிக் குழலுக்குள் சிக்கும். ஆனால் ஒரு குண்டை அப்படியே விட்டுப்போக எனக்கு மனம் வரவில்லை. ஜெர்சியில் துடைத்துத் துப்பாக்கிக்குள் போட்டுக்கொண்டேன்.

பிறகு பத்துக் குண்டு சுட்டேன்; பதினோராவது உள்ளே இருந்தது. அக்கா எண்ணியிருப்பாள். பத்தாவது சத்தம் கேட்டிருக்கும். அந்தப் பக்கம் அவளுடைய ஒற்றைக் கண்ணாடி முற்றிலும் மங்கிப் போயிருக்கிறது, எதுவும் தெரியவில்லை. என்னிடம் குண்டு தீர்ந்துவிட்டது என்ற நிச்சயத்தில் அவள் எழுந்து, முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கப் போனாள். நான் பார்த்தது பெட்டிக்கு மேலே எழுந்த ஒரு தலையை மட்டும்தான். தலை தெரிந்தால் யோசிக்காமல் சுட வேண்டும் என்று ஒரு வருடமாக நாங்கள் பழகியிருந்தோம். நான் யோசிக்கவில்லை.

அக்கா அப்படியே உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வலது கண்ணைப் பொத்தியிருந்த விரல்களுக்கிடையில் பச்சைச் சாயம் வழிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் ரத்தம்.  "அப்பனக் கூப்புடு கண்ணு" என்றாள். நான் எழுந்ததும் மற்றொரு கையால் என் காலைப் பிடித்து நிறுத்தினாள். "துப்பாக்கியத் தொடைக்கையில வெடிச்சிருச்சுன்னு சொல்லீரு. நானே தொடச்சேன். என்ற கையில இருந்துச்சு. வெளங்குச்சா?" அந்த வலியிலும் அவளுக்கு எப்படி அது தோன்றியதோ தெரியவில்லை. நான் தலையாட்டினேன்.

கோவை மருத்துவமனையில் இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்தார்கள். விழித்திரை கிழிந்துவிட்டது, பார்வை திரும்பாது என்று சொன்னார்கள். கண் இருந்தது, அதனால் பயன் இல்லை. அக்காவின் அப்பா மருத்துவமனை நடையில் என் தலையைத் தடவிக்கொடுத்து, "நீ பயந்துக்காத அம்மிணி. அவ செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவ" என்றார். அப்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. மைதானத்து அண்ணன் ஒருநாள் வந்து, வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போனார். துப்பாக்கிகளை அவரிடம் திருப்பிக் கொடுத்தோம். நாங்கள் மூவரும் சேர்ந்து விளையாடியது அதோடு முடிந்தது.

ஒரு கண் போனால் பாதிப் பார்வை போகும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தூரமும் போய்விடும் என்பது அவளைப் பார்த்துத்தான் தெரிந்தது. தேநீரை டம்ளருக்குள் ஊற்றுவதாக நினைத்துப் பக்கத்தில் ஊற்றுவாள். படி இறங்கும்போது காலால் தடவிப் பார்ப்பாள். நீட்டிய கையைப் பிடிக்க வந்து காற்றைப் பிடிப்பாள். ஒவ்வொரு முறையும் அவள் அப்பா, "இப்பவாச்சும் கவனமா இரு. கவனங் கெட்டுத்தான இப்பிடி ஆச்சு" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். தாளாமல்தான் சொல்வார். ஆனால் சொல்லாமல் இருக்கவும் அவரால் முடியவில்லை. ஓராண்டில்லை, இரண்டாண்டில்லை, ஆறு ஆண்டுகள். அக்கா ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. படிப்பை வீட்டிலிருந்தே முடித்தாள். தறிக் கணக்குவழக்கை அவளே பார்க்கத் தொடங்கினாள். வருகிற நூல் பெட்டிகளை ஒருமுறை எண்ணுவாள், மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள், மூன்றாவது முறையும் எண்ணுவாள். பார்வைக் குறையால் அப்படிச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் அடிக்கடி போவேன். பழம் வாங்கிப்போவேன், சொட்டு மருந்து வாங்கிப்போவேன். "வா கண்ணு" என்று அவள் கூப்பிடும்போதெல்லாம், எங்கள் பக்கத்தில் எல்லோரும் எல்லோரையும் கூப்பிடுகிற அந்தச் சொல் எனக்கு மட்டும் கண் என்றே கேட்கும்.

நான் இப்போது ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர். போன ஆண்டு எங்கள் பிரிவை ஒருநாள் வெளியே அழைத்துப்போனார்கள். வேன் போய் நின்றது அதே தோப்பில். நடத்துகிறவர் மாறியிருந்தார். கல்லூரிப் பெண் ஒருத்தி எங்களை வரிசையில் நிற்கவைத்து விதிகளைச் சொன்னாள். என் பக்கத்தில் நின்ற புதுப் பையன், சொல்லி முடிப்பதற்குள் முகமூடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுச் செல்பி எடுக்கப் போனான். நான் அவன் கையை ஓங்கித் தட்டிவிட்டேன். போன் கீழே விழுந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வலைக்கு வெளியே வந்து தென்னை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே சத்தம் கேட்கத் தொடங்கியது. என்னை அறியாமலே எண்ண ஆரம்பித்தேன். பத்துவரை எண்ணி, பதினொன்று வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு சாமளாபுரம் போனேன். மின்தடை நாள். தறிகள் ஓடவில்லை. அக்காவும் அப்பாவும் முன்னறையில் இருந்தார்கள். உட்காராமலேயே சொல்லிவிட்டேன். சுட்டது நான், புல்லில் கிடந்ததை எடுத்துப் போட்டது நான், அங்கே ஆடலாம் என்று கேட்டதும் நான். சொல்லி முடித்தபோது அப்பா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தக் குண்ட எதுக்கு அம்மிணி எடுத்துப் போட்ட?"

"வீணாப் போகுதேன்னுங்க."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். பிறகு மகளைப் பார்த்தார்.  ஆறு ஆண்டுகளாகத் தான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருக்கு அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனார். நின்றிருந்த தறிகளுக்கிடையில் அவர் சும்மா நடந்துகொண்டிருப்பது சன்னல் வழியாகத் தெரிந்தது.

அக்கா எழுந்தாள். "வா, பஸ் ஏத்தி உட்டுட்டு வாரேன்" என்றாள். குரலில் எதுவும் இல்லை.  நிறுத்தத்தில் வந்து நின்ற பிறகு, நான் இருந்த பக்கம் பார்வை போன பக்கம் என்பதால், முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"உனக்குப் பாரம் எறங்கிருச்சு. எங்கப்பனுக்கு ஏறிருச்சு. இனி அந்த மனுசன் ஒரு வாய் சோறு நிம்மதியா தின்னுவாருன்னு நெனைக்கறயா? அதுக்காகத்தான நான் இத்தன நாளு வாயத் தொறக்கல."

 சாலையில் நூல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று போனது. அது போய்த் தூசி அடங்கும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சுட்டது பத்துன்னுதான் எண்ணியிருந்தேன்" என்றாள். இப்போது குரல் வேறாக இருந்தது. "ஒம்பதுதான் சுட்டிருப்ப, எங்கியோ ஒண்ணக் கூட எண்ணிப்போட்டேன்னுதான் இத்தன நாளும் நெனச்சுட்டிருந்தேன். அன்னையிலிருந்து எத எண்ணுனாலும் நம்பிக்க இல்ல. மூணு தடவ எண்ணுவேன், அப்பவும் சந்தேகமா இருக்கும். அப்ப நான் எண்ணுனது சரிதானா?"

"சரிதானுங்கக்கா. நீங்க எண்ணுனது சரிதான்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நல்ல கண்ணிலிருந்தும், பார்வை இல்லாத கண்ணிலிருந்தும் ஒன்றாகவே நீர் வழிந்தது. "இத ஒண்ணையாச்சும் எங்கிட்ட மட்டும் அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்ல புள்ள" என்றாள். பேருந்து வந்தது. "ஏறு" என்றாள். ஏறினேன். சன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது, அவள் ஏற்கெனவே வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.

அது நடந்து எட்டு மாதம் ஆகிறது. அந்த வீட்டில் இப்போது எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், அவள் அப்பா சாப்பிடுகிறாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குப் போன் செய்கிறேன். முழுவதும் அடித்து ஓய்கிறது. அவள் எடுப்பதில்லை, துண்டிப்பதும் இல்லை. அதற்கு எந்த அர்த்தமும் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. வருகிற ஞாயிறும் செய்வேன்.